மாட்டிடம் சத்தியம் செய்ய முடியாது

நான் பத்திர எழுத்தர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள ஒரு தகரக் கொட்டகையில் அமர்ந்து, பிறருடைய நிலத்துக்கு நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை, எழுதி, ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை’ என்று வாசகம் அமைத்துக் கொடுத்துப் பிழைத்து வருகிறேன். அதனால், குடியை விட்டுவிடுவதாக என் மனைவியிடம் உறுதி கூற வேண்டி வந்தபோதெல்லாம் அதையும் நான் தொழில்முறைப்படியே செய்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில், சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிக்கொடுப்பதாகத் தொடங்கி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு முடியும் பத்திரங்கள் மூன்று எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றன. மூன்றிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்னோடு சேர்ந்து குடித்தவர்கள்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் என் மைத்துனரும் அண்ணனும் என்னை நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கு முன்பு பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த உடம்பில் சாராயம் திடீரென்று நின்றுபோனால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கடுமையான மனக்குழப்பமும், இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் காணும் நிலையும், உயிரைக் குடிக்கக்கூடிய காய்ச்சலும் படபடப்பும் வரக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பும், நரம்பை அமர்த்தும் மருந்தும், தயமின் என்ற வைட்டமின் ஊசியும் தேவைப்படும் கட்டம் அது. அந்தக் கட்டத்தில் ஒருவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து ஜெபித்துக்கொண்டே வேலை செய் என்று சொல்வது பக்தியில் சேராது. நான் போய்ச் சேர்ந்த இல்லத்தின் பொறுப்பாளர், மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டைப் பார்க்காமல் எவரையும் உள்ளே விடமாட்டார். அவரிடம் எனக்குப் பல மனத்தாங்கல்கள் உண்டு என்றாலும், இந்த ஒன்றுக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இல்லம் என்றால் ஓடு வேய்ந்த இரண்டு நீளக் கட்டடங்கள், ஒரு சிறு ஜெப அறை, ஒரு கிணறு, ஏழு ஏக்கர் செம்மண். அதில் ஒன்றரை ஏக்கரில் கோ-4 தீவனப்புல்லும், மீதியில் பருவத்தைப் பொறுத்து உளுந்தோ காய்கறியோ இருக்கும். இருபத்திரண்டு ஆண்கள், நான்கு மாடுகள், பதினேழு ஆடுகள், எண்ணிக்கை ஒருபோதும் ஒத்துவராத கோழிகள். வேலியோரமாகப் பதினொரு பனைமரங்கள் நின்றன. பருவத்தில் அவற்றைக் குத்தகைக்குக் கூட விடமாட்டார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்பை நம்பி இருபத்திரண்டு பேரை வைத்திருக்க முடியாது என்பது பொறுப்பாளரின் கணக்கு. பனங்காட்டுச் சீமையில் பிறந்துவிட்டு ஒன்பது மாதம் பதநீரைக் கண்ணால் காணாமல் இருந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

முதல் வாரம் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். இரண்டாம் வாரம் தொழுவத்துக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர். ஒரு காலத்தில் பால் வியாபாரம் செய்து, மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுக் குடித்து, கடைசி மாட்டை விற்ற பணத்தோடு பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்தவர். அவர் இல்லத்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. திரும்பிப் போக வீடு இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டார். அதிகாலை நாலேகாலுக்கு என்னை எழுப்பி, ஒரு வாளியையும் ஈரத்துணியையும் கொடுத்து, “லட்சுமிகிட்ட போய் நில்லுங்க தம்பி. தொட வேண்டாம். நின்னா போதும்” என்றார்.

லட்சுமி ஜெர்சிக் கலப்பு மாடு. பக்கத்து ஊர்க் கோனார் ஒருவரிடமிருந்து வாங்கியபோதே அந்தப் பெயரோடுதான் வந்தாளாம். கிறிஸ்தவ இல்லத்தில் அந்தப் பெயர் கூடாது என்று யாரோ ஒரு நன்கொடையாளர் குறைபட்டுக்கொண்டதால், பொறுப்பாளர் அவளுக்கு ரெபேக்காள் என்று பெயர் சூட்டி ஜெபமும் செய்திருக்கிறார். ரெபேக்காள் என்று கூப்பிட்டால் அவள் காதைக்கூட அசைக்கவில்லை. ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு அவரே லட்சுமி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். பதிவேட்டில் மட்டும் கடைசி வரை ரெபேக்காள்தான்.

நான் தொட்ட முதல் நாளே அவள் உதைத்தாள். வாளி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். என் கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் மரத்திருந்தன. பால் கறப்பதைப் பற்றிப் பட்டணத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது, காம்பைப் பிடித்து இழுத்தால் பால் வரும் என்பது. மடியில் பால் இருந்தாலும் மாடு விட்டால்தான் பால். கன்று முட்டுவதாலோ, ஈரத்துணியால் மடியைத் துடைத்து நீவிவிடுவதாலோ அதன் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். சேர்ந்த பிறகு ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் அதன் வேகம் இருக்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாடு மிரண்டாலோ, அதட்டப்பட்டாலோ, வலி கண்டாலோ, அட்ரீனலின் சுரந்து அந்த ஓட்டத்தை அடைத்துவிடும். அவசரப்படுகிறவனுக்கு நேரம் இல்லை, நேரத்தைக் கடத்துகிறவனுக்குப் பால் இல்லை என்று அண்ணாச்சி சொல்வார்.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு காம்பை நெரித்துக் கறப்பவர்கள் நம் ஊரில் அதிகம். அது காம்பின் உள்தசையைக் காயப்படுத்தும். உள்ளங்கையில் காம்பு முழுவதையும் வைத்து, சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாக இறுக்கி இறக்க வேண்டும் என்று அண்ணாச்சி என் கைமீது தன் கையை வைத்துக் கற்றுக்கொடுத்தார். முதல் பீச்சலை வாளியில் விடக்கூடாது. கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், தெரிந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. கறந்து முடித்ததும் புல்லைப் போட்டு மாட்டை நிற்க வைக்க வேண்டும். காம்புத் துளை மூடிக்கொள்ள அரைமணி நேரம் ஆகும், அதற்குள் அது சாணத்தில் படுத்துவிட்டால் கிருமி உள்ளே ஏறிவிடும். இவற்றையெல்லாம் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதுவதைப் பார்த்த அண்ணாச்சி சிரித்தார். “நல்லா எழுதுதீங்க. ஆனா அதுக்கிட்ட சத்தியம் பண்ண முடியாதுல்லா. கை என்ன செய்யுதோ அதான்” என்றார். என் முத்திரைத்தாள்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஜெப அறையில் சாட்சி சொல்லும் கூட்டம் நடக்கும். தன் வீழ்ச்சியையும் ஆண்டவர் தன்னைத் தூக்கியெடுத்ததையும் ஒருவர் எழுந்து நின்று சொல்ல, மற்றவர்கள் ஸ்தோத்திரம் என்பார்கள். மூன்றாம் வாரமே நான் எழுந்து நின்றேன். எனக்கு வார்த்தை வரும், தொழிலே அதுதான். எங்கே தழுதழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தே பேசினேன். இருபது பேர் அழுதார்கள். பொறுப்பாளர் என்னைக் கட்டித் தழுவினார். அன்று இரவு படுத்துக்கொண்டு, இங்கிருந்து வெளியேறியதும் முதல் குப்பியை எங்கே வாங்குவது என்று யோசித்தேன். சாட்சி சொன்ன அதே வாய்க்குள் எச்சில் ஊறியது. மறுநாள் காலை லட்சுமி ஆறு லிட்டர் கறக்க வேண்டிய இடத்தில் மூன்றரை லிட்டர்தான் கொடுத்தாள். இதற்கு ஆன்மிக விளக்கம் எதையும் நான் தேடவில்லை. இரவெல்லாம் தூங்காதவன் எரிச்சலோடு வந்து மடியை அவசரமாகத் துடைத்தான், மாடு பாலை இறக்கவில்லை, அவ்வளவே. ஆனால், என் உள்ளே இருப்பதை லிட்டர் கணக்கில் அளந்து காட்டும் ஒன்றை நான் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முறையாகச் சந்தித்தேன்.

பண்ணை வேலையைக் கொண்டு மனிதனை மீட்கும் இந்த வழிமுறைக்குக் கிறிஸ்தவத்தில் வேர் எங்கே என்று பிற்பாடு தேடிப் படித்தேன். வேதத்திலேயே இருக்கிறது என்பார் எங்கள் பொறுப்பாளர். லூக்கா 15ஆம் அதிகாரத்தில், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்துவிட்ட இளைய குமாரன், பஞ்ச காலத்தில் பன்றி மேய்க்கும் வேலைக்குப் போகிறான். அவனுக்குப் புத்தி தெளிவது அந்த வயலில்தான், தகப்பன் வீட்டில் அன்று. யூதனுக்குப் பன்றி தீட்டு என்பதால் அந்த வேலையைக் கேவலத்தின் அடிமட்டமாகவே எல்லாப் பிரசங்கிகளும் விளக்குகிறார்கள். தொழுவத்தில் ஒன்பது மாதம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்தப் பன்றிகளுக்கு அவன் நாள்தோறும் வேளை தவறாமல் தீனி வைத்திருப்பான். குடியும் கூத்துமாகத் திரிந்தவன் ஒரு வேலையை நேரத்துக்குச் செய்த முதல் இடம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நவீன காலத்தில் இதை ஓர் ஏற்பாடாகவே தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் ஃபான் போடல்ஷ்விங் என்ற லூத்தரன் போதகர். 1882இல் பீலஃபெல்டு நகருக்கு அருகே, தரிசாகக் கிடந்த மணற்பாங்கான நிலத்தில் வில்ஹெல்ம்ஸ்டார்ஃப் என்ற வேலைக் குடியிருப்பை அவர் அமைத்தார். வேலையின்றி ஊர் ஊராக அலைந்தவர்களுக்குப் பிச்சை போடுவதற்குப் பதிலாக வேலை கொடுப்பது என்பது அவருடைய கொள்கை. அங்கே மதுவுக்கு இடமில்லை. 1891இல் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் நிறுவனர் வில்லியம் பூத், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டிய ஹாட்லி என்ற இடத்தில் பண்ணைக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். லண்டனின் ஏழைகள் அங்கே போய்ச் செங்கல் அறுத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள், பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், தானே குடியிலிருந்து மீண்ட வில்லியம் ராஸ் என்பவர் 1897இல் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். கெஸ்விக் என்ற பெயரில் அந்தப் பணி நீடித்தது.

இந்த வரலாற்றில் 1983ஆம் ஆண்டை நான் ஒரு தனிப்பட்ட காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு ஜூலையில் இத்தாலியின் சலுட்ஸோ நகரில் எல்விரா என்ற கன்னியாஸ்திரீ, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய வீட்டில் போதைக்கு அடிமையான இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ‘செனாக்கொலோ’ சமூகத்தைத் தொடங்கினார். ஜெபமும் வேலையும்தான் அதன் அன்றாடம். புதிதாக வருகிறவனோடு நிழல்போல இருப்பதற்கு, ஏற்கெனவே மீண்ட ஒருவனை ‘காவல் தூதன்’ என்று நியமிப்பது அவர்கள் வழக்கம். அதே 1983இல்தான் பிரேசிலின் குவாரட்டிங்கெட்டா நகரில், ஹான்ஸ் ஸ்டாபெல் என்ற பிரான்சிஸ்கன் குருவையும் நெல்சன் ஜொவனெல்லி என்ற இளைஞரையும் சுற்றி ‘நம்பிக்கைப் பண்ணை’ எனப் பொருள்படும் ‘ஃபசெண்டா த எஸ்பெரான்சா’ உருவானது. பிற்பாடு பல நாடுகளுக்குப் பரவிய அந்தப் பண்ணைக்கு 2007 மே மாதம் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் நேரில் சென்றார். தமிழ்நாட்டில் மதுவை மொத்தமாக விற்பதற்கு அரசு தன் வாணிபக் கழகத்தை நிறுவியதும் இந்த 1983இல்தான். இத்தாலியில் ஒரு பாழடைந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிய அதே ஆண்டில் இங்கே வேறொரு கதவு திறந்திருக்கிறது. அப்போது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதே வரலாற்றில் இருண்ட பக்கமும் இருக்கிறது. அதை மூடிவைத்துவிட்டுப் பண்ணை வேலையைப் புகழ்வது வில்லங்கச் சான்று பார்க்காமல் கிரயம் எழுதுவதற்கு ஒப்பாகும். அதே போடல்ஷ்விங் 1899இல் வடஜெர்மனியின் சதுப்பு நிலத்தில் ஃபிரைஷ்டாட் என்ற கிளையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், அங்கே ‘திருத்தப்பட’ அனுப்பப்பட்ட இளைஞர்கள் கூலியின்றிக் கரிமண் வெட்ட வைக்கப்பட்டதும், அடித்து ஒடுக்கப்பட்டதும் பின்னாளில் வெளிவந்து பெரும் வெட்கக்கேடாக ஆனது. அந்த இடத்தின் பெயருக்குப் பொருள் ‘சுதந்திரத் தலம்’ என்பது போன்றது. நம் ஊரிலும் இது இல்லாமல் இல்லை. நான் இதற்கு முன்பு இரண்டு மாதம் இருந்த வேறோர் இல்லத்தில், பெயர் வேண்டாம், காலையிலிருந்து மாலை வரை எங்களைக் கொண்டு உரிமையாளரின் சொந்த வீட்டுக்குக் கல் சுமக்க வைத்தார்கள். அதற்கும் வேதவசனம் இருந்தது. வாயிற்கதவுக்கு வெளியிலிருந்து பூட்டும் இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோயையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது; ஒருவரை அவருடைய ஒப்புதலின்றி அடைத்து வைப்பதற்குக் கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. எந்த இல்லத்திலும் மாட்டைப் பார்ப்பதற்கு முன்பு மூன்று காரியங்களைப் பார்க்கச் சொல்லி, என்னிடம் கேட்டு வருகிற குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: மருத்துவர் வருகிறாரா, கதவு உள்ளிருந்து திறக்கிறதா, பால் விற்ற பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது.

இனி அசனச் சோற்றின் கதையைச் சொல்ல வேண்டும். அக்டோபர் மாதத்தில் பக்கத்துக் கிராமத்து ஆலயத்தில் பிரதிஷ்டைப் பண்டிகை நடந்தது. திருநெல்வேலிச் சபைகளின் அசனத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு: ஊரே சேர்ந்து அரிசியும் ஆடும் கொடுத்து, பெரிய பெரிய அண்டாக்களில் சமைத்து, சாதி பணம் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. மிஞ்சிய சோற்றில் ஓர் அண்டா நிறைய எங்கள் இல்லத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பாதி அண்டா மிஞ்ச, அதைத் தொழுவத்தை ஒட்டிய தீவன அறையில் வைத்துக் கதவைத் தாழிடும்படி அண்ணாச்சி என்னிடம் சொன்னார். வைத்தேன். தாழிட்டேனா என்பது எனக்கு இன்றுவரை நினைவில்லை. கட்டுக்கயிறு தளர்ந்திருந்த லட்சுமி இரவில் உள்ளே புகுந்து, வயிறு கொண்ட மட்டும் தின்றிருக்கிறாள்.

காலை நாலேகாலுக்கு நான் போனபோது அவள் சுவரில் சாய்ந்தபடி நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஓரடி எடுத்து வைத்துத் தள்ளாடினாள். பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பல்லை நறநறவென்று கடித்தாள். கண் குழிவிழுந்து, சாணம் தண்ணீராய்ப் புளித்த வாடையோடு ஒழுகிக்கொண்டிருந்தது. புளித்த வாடையும் தள்ளாட்டமுமாக அந்தப் பிராணி நின்ற நிலையை நான் வெளியிலிருந்து பார்த்தது அதுவே முதல்முறை; உள்ளிருந்து நன்றாகவே தெரியும். மாட்டின் முதல் வயிற்றில் புல்லையும் வைக்கோலையும் செரிக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. சோறுபோன்ற மாவுப்பொருள் திடீரென்று ஏராளமாக வந்து விழுந்தால், அதைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, புல் செரிக்கும் கூட்டத்தையே அழித்துவிடும். அமிலம் இரத்தத்தில் கலந்து, உடம்பின் நீர் வற்றி, ஒன்றிரண்டு நாளுக்குள் மாடு செத்துவிடவும் கூடும். கல்யாண வீட்டு எச்சில் சோற்றைத் தின்று செத்துப்போன மாடுகளைப் பற்றி நம் ஊர்களில் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. சமையலறையிலிருந்த ஆப்பச்சோடாவை எல்லாம் கரைத்துக்கொண்டு வரச்சொன்னார். தலையை அண்ணாந்து தூக்கிவிடாமல், புரையேறாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் ஊற்றினோம். கால்நடை மருத்துவர் வந்து சேர ஏழரை மணி ஆகிவிட்டது. அவர் இரத்தக் குழாயில் சோடா மருந்தையும் குப்பி குப்பியாகச் சலைனையும் ஏற்றினார். நான் குப்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு என் அண்ணன் எனக்காக அப்படி ஒரு குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அறியமாட்டேன். என் மனைவி பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

அன்று பகல் முழுவதும் எனக்குள் எழுந்தது ஒரே ஒரு பழைய வழி. யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். நன்றாகக் கேட்பேன், அவர்களும் மன்னித்துவிடுவார்கள், பாரம் இறங்கிவிடும், பாரம் இறங்கியதைக் கொண்டாடக் கடைக்குப் போகலாம். இருபது ஆண்டுகளாக இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். “என்கிட்ட ஏன் கேக்கீங்க? தொழுவத்துக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவர்மீது மிகுந்த கோபம் வந்தது. தொழுவத்தில் செய்வதற்கு இருந்ததெல்லாம், மணிக்கு ஒருமுறை கழுநீர்த் தொட்டியை நகர்த்தி வைப்பது, ஒழுகியதைக் கழுவுவது, ஈயை விரட்டுவது, விலாப்பள்ளத்தில் கையை அழுத்தி வயிறு அசைகிறதா என்று பார்ப்பது. நல்ல மாட்டுக்கு அந்த அசைவு இரண்டு நிமிடத்தில் மூன்று முறையாவது கைக்குத் தட்டுப்படும். அன்று இரவு ஒன்றரை மணி வரை என் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூன்று நாட்கள் காய்ந்த வைக்கோல் மட்டுமே தின்றாள்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புல், பத்து நாட்களுக்குப் பிறகுதான் பிடிப்பிடியாகத் தவிடு. வயிற்றுக்குள் அந்தக் கூட்டம் திரும்பக் குடியேறுவதற்கு அத்தனை நாள் வேண்டும் என்றார் மருத்துவர். பால் ஆறு லிட்டரை மறுபடி தொட நவம்பர் கடைசி ஆயிற்று. குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன்: 0.4, 0.7, 0.7, 1.1.

மதுவை விட்டவர்கள் வழக்கமாகத் தங்கள் நாட்களை எண்ணுவார்கள், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கக் கூடும் ஏ.ஏ. கூட்டங்களில் முதல் கேள்வியே அதுதான். எனக்கு அந்த எண்ணிக்கை பயத்தைக் கொடுத்தது, ஏனென்றால் எண்ணிக்கை உயர உயர அதைக் கொண்டாடும் ஆசையும் உயர்ந்தது. அதற்குப் பதிலாக நான் எண்ணியது செவலையின் நாட்களை. செவலை என்பது முதல் ஈற்றுக்குத் தயாராக இருந்த கிடாரி. நான் தொழுவத்துக்கு வந்த வாரத்தில், ஜூன் 14ஆம் தேதி, அதற்குச் சினை ஊசி போட்டார்கள். மாட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். கூட்டிப் பார்த்தால் மார்ச் 21. அந்தத் தேதியைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். வெளியே இருந்தபோது என் நாள் பகல் 12 மணிக்குத் தொடங்கியது. மதுக்கடை திறக்கும் நேரம் அது, அதற்கு முந்திய பொழுதெல்லாம் காத்திருப்பு. இங்கே 12 மணிக்கு நான் ஏறக்குறைய எட்டு மணி நேரம் வேலை பார்த்து முடித்திருப்பேன். கோ-4 புல்லை அறுத்து, கட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து, துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பேன். பல நாட்களில் அந்த மணி கடந்துபோனதே தெரியாது.

எல்லாமே இப்படி நன்றாக நடந்துவிடவில்லை. தாய் செத்துப்போனதால் புட்டியில் பால் கொடுத்து நான் வளர்த்த ஒரு கிடாக்குட்டியை, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் கறிக்கடைக்காரர் வந்து எடை பார்த்துக்கொண்டு போனார். பண்ணை என்றால் அதுவும் சேர்ந்ததுதான். விற்காவிட்டால் மருந்துச் செலவுக்குப் பணமில்லை. அதே குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அன்றிரவே சுவரேறிக் குதித்துப் போய்விட்டான். அவன் திரும்பி வரவேயில்லை. பிராணிகளோடு பழகினால் மனம் ஆறும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நானும் அன்று மதிலருகே வெகுநேரம் நின்றேன். நாலேகாலுக்குக் கறக்க வேண்டும் என்பதைத் தவிர என்னைத் திருப்பிக் கொண்டுவந்த காரணம் வேறெதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

என் மனைவி என் சாட்சியைக் கேட்க ஒருமுறைகூட வரவில்லை. பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் அண்ணனோடு முதல் பேருந்தைப் பிடித்துச் சொல்லாமல் வந்துவிட்டாள். மாலைக் கறவை நேரம் வரை அவளோடு பேச எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மூன்றரை மணிக்கு நான் வாளியோடு எழுந்தபோது அவளும் பின்னால் வந்து, தொழுவத்தின் தூணோரம் நின்றாள். நான் மடியைத் துடைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, கறக்கத் தொடங்கினேன். வாளியில் பால் விழும் சத்தம் முதலில் கணீரென்றும், நிறைய நிறைய மந்தமாகவும் கேட்கும். முடியும்வரை அவள் பேசவில்லை. பிறகு, “கை நடுங்கலையே” என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தே காலுக்கு வந்த பேருந்தில் போய்விட்டாள்.

செவலை மார்ச் 19ஆம் தேதி இரவு ஈன்றது. சுவரில் எழுதியதற்கு இரண்டு நாள் முந்தி. முன்னங்கால் இரண்டும் அவற்றின்மீது மூக்குமாகக் கன்று ஒழுங்காகவே வந்தது. மூக்குச் சளியை வழித்துவிட்டு, தொப்புள் கொடியில் அயோடின் தடவி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைத்தேன்; கன்றின் நோய் எதிர்ப்பு முழுவதும் அந்தப் பாலில்தான் இருக்கிறது, நேரம் கடந்தால் அதன் குடல் அதை ஏற்றுக்கொள்ளாது. விடிவதற்குள் இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்தது. அண்ணாச்சி அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டக் கிளம்பினார். இதெல்லாம் அஞ்ஞானிகள் வழக்கம் என்று பொறுப்பாளர் முணுமுணுத்தார். நாய் தின்னாமல் இருப்பதற்குத்தான் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்க் கட்டிவிட்டு வந்தார்.

மார்ச் மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தேன். இப்போதும் அதே தகரக் கொட்டகையில்தான் பத்திரம் எழுதுகிறேன். நாலேகாலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த நேரம் நாளின் மிகக் கடினமான நேரம். முதல் ஆண்டில் ஒருமுறை சறுக்கினேன், நான்கு நாட்கள். ஐந்தாம் நாள் நானாகவே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு இல்லை. வீட்டு மாடியில் நான்கு கோழிகள் இருக்கின்றன. கோழி மாட்டுக்கு ஈடாகாது, ஆனால் விடியற்காலையில் திறந்துவிடச் சொல்லிச் சத்தம் போடும்.

சென்ற மாதம் இல்லத்துக்குப் போயிருந்தேன். அண்ணாச்சிக்குக் கண் மங்கிவிட்டது. குரலைக் கேட்டுத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தொழுவத்தில் லட்சுமிக்கு வயதாகியிருந்தது, இருந்தாலும் கறவையில்தான் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநர் இப்போது அவளைப் பார்த்துக்கொள்கிறார். வந்து நான்கு மாதம் ஆகிறதாம். நான் வாளியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முறைப்படி துடைத்தேன், நீவினேன், பொறுத்தேன். அவள் தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். காம்பில் ஒன்றிரண்டு பீச்சலுக்கு மேல் வரவில்லை. ஓட்டுநர் கூச்சத்தோடு, “புது ஆளுல்லா அண்ணே, அதான்” என்றார். எழுந்து வாளியை அவரிடம் கொடுத்தேன்.